பன்னிரண்டு சொற்களும் ஒரு முத்திரையும்

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் தொழில் என்பது, ஊரார் கடதாசிக்குத் தன் பெயரில் சத்தியம் செய்துவிட்டு, பிறகு அதை நினைத்து நினைத்து நித்திரையைத் தொலைப்பது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், நிஸ்தார் நானாவின் போட்டோ கொப்பிக் கடைப் பின்னறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் அறிக்கை என்று எது வந்தாலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையே மாற்றி, கீழே முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பேன். முத்திரை காய்ந்ததும் எனக்குப் பயம் தொடங்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான், பிறந்த திகதியைச் சரியாகப் போட்டேனா என்ற சந்தேகம் வரும். கவுண்டரில் படிவத்தைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து "எல்லாம் சரிதானே?" என்று கேட்கிறவர்களே, உங்களை எனக்குத் தெரியும். நீங்களும் நானும் ஒரே சாதி.

இப்போது சில காலமாக என் மேசைக்குப் புதிதாக ஒன்று வந்துகொண்டிருக்கிறது. கிரிப்டோ. கையில் பிடிக்க முடியாத, கணினிக்குள்ளேயே இருக்கிற பணம். பணம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு நாடு அதைச் சொத்து என்கிறது, ஒரு நாடு வரி கட்டு என்கிறது, இன்னொரு நாடு தொட்டாலே குற்றம் என்கிறது. எந்த நாட்டுக் கடதாசி வந்தாலும் அந்த நாட்டுப் பயமும் கூடவே வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

கனடா மாப்பிள்ளை

ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்கு டொரொன்டோவில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பட்டச் சான்றிதழ், வேலைக் கடிதம், போன வருட வரிக் கடதாசி எல்லாம் ஆங்கிலத்தில் வந்திருந்தன. இவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சான் சரி சொல்லாமல் அந்த வீட்டில் கலியாணம் நடக்காது, மச்சானுக்குத் தமிழில் வேண்டும், அதுவும் முத்திரையோடு வேண்டும். வரிக் கடதாசியின் நடுவில், கிரிப்டோ விற்று வந்த இலாபம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து, "இதை மட்டும் விட்டிட்டு மிச்சத்தைச் செய்ய ஏலாதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏலாது என்றேன். ஒரு சொல்லை விட்டாலும் என் முத்திரை போய்விடும். பிறகு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தைரியம் கொடுத்தேன். கனடாவில் அது ஒளித்துச் செய்கிற வேலை இல்லை, வாங்கி விற்கும் தளங்கள் அரசாங்க மேற்பார்வையில் பதிந்திருக்க வேண்டும், இலாபம் வந்தால் வரி கட்ட வேண்டும், பெடியன் கட்டியிருக்கிறான். இங்கேயோ, மத்திய வங்கி கவனமாக இருங்கள் என்று எச்சரித்திருக்கிறது, எங்கள் வங்கி அட்டையால் அதை வாங்கவும் முடியாது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். என்னையும் அந்த யோசனை தொற்றிக்கொண்டது. கடைசியில் கேட்டார்: "அப்ப மிஸ், இவர் கனடாவில இருக்குமட்டும் நல்ல பெடியன், லீவுக்கு கட்டுநாயக்கா எயார்போட்டில வந்து இறங்கின உடன கெட்ட பெடியனோ?"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இணைப்பு

பாக்கியம் எனக்குப் பல வருடப் பழக்கம். பெற்றோர் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இவள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெசின் போட்டு வேலை செய்கிறாள். கணவன் சந்திரன் டுபாயில் ஒரு களஞ்சியத்தில் லொறி ஓட்டுகிறான், ஒன்பது வருடம். அவனுடைய ஒப்பந்தம், சம்பளக் கடிதம், மருத்துவ அறிக்கை எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். வெளிநாட்டுக் கடதாசி இங்கே எந்த அலுவலகத்திலும் முத்திரை வைத்த மொழிபெயர்ப்பு இல்லாமல் செல்லாது என்பதை அடிபட்டுப் படித்தவள் அவள்.

அன்றைக்கு இரண்டு தாள் கொண்டுவந்தாள். சந்திரனின் சிநேகிதன் ஒருவன் ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிட்டதாம். முதலாவது, டுபாயில் ஒரு கிரிப்டோ நிறுவனம் எழுதிய கடிதம். தாங்கள் அந்நாட்டு அதிகாரசபையின் உரிமம் பெற்றவர்கள் என்றும், சந்திரன் தன் இருப்பு முழுவதையும் தன்னுடைய சொந்த மின்பணப்பைக்கு மாற்றிக்கொண்டார் என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது, சந்திரனின் கையெழுத்தில் ஒரு கொப்பித் தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கமிட்டு, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். ஒரு மரக்கறி, ஒரு மிருகம், ஒரு தளபாடம், இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இது என்ன என்று கேட்டேன். "தெரியல மிஸ். வத்தளையில வீடு வாங்குற விசயம், உசிர மாதிரி பாத்துக்கன்னு சொன்னாரு" என்றாள். கடிதத்தோடு வந்ததால் நானே அதற்கு "இணைப்பு 1" என்று தலைப்புப் போட்டு, பன்னிரண்டு சொல்லையும் தமிழாக்கி, இலக்கம் பிசகாமல் அடித்தேன். பதினாறு வருட அனுபவம் பாருங்கள்!

வழக்கப்படி, மூலத்தை ஒரு போட்டோ கொப்பி எடுத்து என் கோப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு. நிஸ்தார் நானாவின் மெசினில் முதல் கொப்பி பாதியில் சிக்கியது. அவர் அதை உருவி எறிந்துவிட்டு இன்னொன்று எடுத்துத் தந்தார். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பாக்கியத்திடம் கொடுக்கப் போகும்போது அவள் கவனமெல்லாம் என் கையில் இருந்த முத்திரையின் மரப்பிடியில்தான். "சீல நல்லா அழுத்திக் குத்துங்க மிஸ், போன தடவ ஒரு ஆபிஸ்ல மங்கலா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

இந்திய முப்பது வீதம்

கொட்டாஞ்சேனையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், தூத்துக்குடியில் இருக்கும் தன் அண்ணனுக்கு வந்த வரி அறிவித்தலை எடுத்துவந்தார். அண்ணன் கிரிப்டோவில் ஒன்றில் இலாபம் பார்த்து, இன்னொன்றில் கவிழ்ந்திருக்கிறார். கவிழ்ந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம் என்று நினைத்திருக்கிறார். அறிவித்தலோ, இலாபத்துக்கு முப்பது வீதம், நட்டத்தைக் கழிக்க முடியாது என்கிறது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, அவர் முகம் தன் சொந்தக் கடைக்கே தீ வைத்ததுபோல ஆகிவிட்டது. அப்படியானால் இந்தியாவில் அது செல்லும் பணமா என்று கேட்டார். செல்லும் பணம் என்றும் சொல்லவில்லை, வைத்திருக்காதே என்றும் சொல்லவில்லை, வரியை மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "லாபத்துல பங்கு கேட்டு வந்து நிக்கிறாங்க, நட்டத்துல பக்கத்துலயே காணோம். இது கவர்மெண்டு இல்லீங்க மிஸ், எங்க அண்ணனேதான்!"

லண்டன் சட்டத்தரணியின் ஒரு வாக்கியம்

பாக்கியம் வந்து போய் ஐந்து கிழமை இருக்கும். எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருக்கும் ஒருவருடைய தமையன் லண்டனில் மாரடைப்பில் இறந்துபோனார். அங்கத்தைய சட்டத்தரணி, இறந்தவரின் சொத்துகளைப் பட்டியலிட்டு எழுதியிருந்தார். வீடு, கார், பிறகு கிரிப்டோ. இங்கிலாந்தில் இப்போது அதையும் சட்டப்படி சொத்தாகவே கொள்கிறார்கள். அதனால் அது வாரிசுகளுக்குச் சேரும். ஆனால் அதைத் திறக்க வழி தெரியவில்லை. அடுத்த வாக்கியத்தை நான் உரக்க வாசித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்: "மீட்புச் சொற்கள், வழமையாகப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள், கையால் எழுதப்பட்ட தாள் ஏதாவது உறவினரிடம் உள்ளதா? அச்சொற்களை வைத்திருப்பவர் எவரோ, அவரே எந்நாட்டிலிருந்தும் அச்சொத்து முழுவதையும் எடுக்கக்கூடியவர்."

என் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு. கையால் எழுதியது. ஒரு மரக்கறி, ஒரு மிருகம், ஒரு தளபாடம். சந்திரனின் ஒன்பது வருடப் பாலைவன வெயில், வத்தளையில் அவர்கள் வாங்கப்போகும் வீடு, எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோப்புக்குள் கிடக்கிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், "யாருக்கும் தெரியாதே" என்றும் தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன். அந்தக் கணத்துக்குப் பிறகு நான் கள்ளனுக்குப் பயப்படவில்லை, எனக்கே பயந்தேன். என் முகத்தைப் பார்த்த அந்த மனிதர், தன் தமையனுக்காகத்தான் நான் கலங்குகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்: "விடுங்கோ மிஸ், அண்ணை ஒருத்தரிட்டையும் சொல்லாமல் போனது வில்லங்கம்தான், சொல்லிப்போட்டுப் போயிருந்தால் அது இன்னும் பெரிய வில்லங்கம்."

வடைக் கடதாசி

கோப்பில் கொப்பி பத்திரமாக இருந்தது. ஆனால் சிக்கிய முதல் கொப்பி? நிஸ்தார் நானா பழுதான கொப்பிகளை ஒரு பெட்டியில் சேர்ப்பார். பெட்டி நிறைந்ததும் ஒருவன் வந்து எடுத்துப்போய் மருதானையில் கொடுப்பான். அங்கே அது கடதாசிப் பையாகி, வடை வண்டிகளுக்குப் போகும். கொழும்பில் கடலோரத்தில் வடை வாங்கியவர்களுக்குத் தெரியும், எண்ணெயில் ஊறிய யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடமும் கூடவே கிடைக்கும். நானா கொஞ்சமும் அசையாமல், போன வெள்ளிக்கிழமை பெட்டி போய்விட்டது என்றார்.

அன்று பின்னேரம் நான் செய்த வேலையை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் இரண்டு வடை வாங்கினேன். பையை விரித்துப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய நீர்க் கட்டணச் சிட்டை. இன்னும் இரண்டு வாங்கினேன். விஞ்ஞான வினாத்தாள். பிறகு பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்து அடுத்த வண்டியில் நாலு, திரும்பவும் நாலு. பன்னிரண்டு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பைகளை வாசிக்கிற ஒரு நடுத்தர வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டிக்காரன் சிங்களத்தில், மிக மரியாதையாகத்தான் கேட்டான்: "மிஸ், உங்களுக்கு வேணும் எண்டது வடையா, பேப்பரா?"

அடுத்த நாள் காலை நானா என்னைக் கூப்பிட்டார். மெசின் மேசையின் ஒரு கால் கட்டை. ஆட்டம் நிற்க அதன் அடியில் ஒரு கடதாசியை மடித்து வைத்திருந்தார். இழுத்து விரித்தோம். சிக்கிய கொப்பி அதுதான். நாலாவது சொல்லோடு மை நின்று, மிச்சம் வெள்ளையாக இருந்தது. நாலு சொல்லால் எந்தக் கதவும் திறக்காது. நான் அங்கிருந்த கதிரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நானா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "அழாதீங்க மிஸ், ஒங்கட கடதாசி எங்கயும் போகல்ல, ஆனா இப்ப என்ட மேச ஆடுது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

புதுக்கடையில் ஓர் ஆலோசனை

நாலு சொல் அகப்பட்டது. முழுப் பன்னிரண்டும் இருக்கும் கோப்புக் கொப்பியை என்ன செய்வது? சட்டம் தெரிந்த ஒருத்தியைக் கேட்போம் என்று, என்னோடு படித்துச் சட்டத்தரணியாகிப் புதுக்கடை நீதிமன்றத்தில் தொழில் பார்க்கும் சிநேகிதியிடம் போனேன். கறுப்புக் கோட்டோடு கன்டீனில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு, எனக்கு வியர்வை.

அவள் நாடு நாடாகச் சொன்னாள். டுபாயிலோ சிங்கப்பூரிலோ இன்னொருவருடைய கிரிப்டோத் திறப்பை, அதாவது அதன் சாவியை, வைத்துப் பாதுகாப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து அதற்கு ஒரே சட்டம் எழுதிவிட்டன. சீனாவில் அந்த வியாபாரமே தடை. நடு அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு அதையே தேசத்தின் பணமாக்கிப் பார்த்து, பிறகு கையைச் சுட்டுக்கொண்டு பின்வாங்கியது. "இஞ்ச?" என்று கேட்டேன். இங்கே புதிய சட்டம் வரும் வரும் என்கிறார்கள், அதுவரைக்கும் எச்சரிக்கை இருக்கிறது, வேறொன்றும் தெளிவாக இல்லை என்றாள். யாராவது அந்தச் சொற்களைத் திருடிப் பணத்தை எடுத்தால் கணினிக் குற்றம் என்று வழக்குப் போட்டுப் பார்க்கலாமாம், ஆனால் போனது என்ன பொருள் என்று முதலில் மன்றுக்கு விளங்க வைக்க வேண்டுமாம். பேசாமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, உண்மையைச் சொல்லி, அவள் கண் முன்னால் கொப்பியைக் கொளுத்து என்றாள். ரோல்ஸ் துகளைக் கோட்டிலிருந்து தட்டிக்கொண்டு எழும்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: "இஞ்ச பார், என்ன களவு போனது எண்டு எழுதவே கோட்டில நாலு தவணை போகும், ஆனா உன்ர முத்திரை போறதுக்கு ஒரு தவணை காணும்."

பாக்கியத்தின் சுவர்

கொப்பியையும் ஒரு நெருப்புப் பெட்டியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு முச்சக்கர வண்டியில் போனேன். நெருப்புப் பெட்டி இல்லாத வீடு ஒன்று இந்தக் கொழும்பில் உண்டா? இருந்தும் வாங்கிக்கொண்டு போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. பாக்கியம் தையல் மெசினை விட்டு எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டாள். போன மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துபோன கறை சுவரில் ஒரு கோடாக நின்றது. அந்தக் கோட்டுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்கும் அந்தோனியார் படத்துக்கும் நடுவில், லமினேட் செய்து ஆணியில் மாட்டியிருந்தது என் மொழிபெயர்ப்பு. "இணைப்பு 1". கீழே என் முத்திரை, அழுத்திக் குத்தியது.

இது வெறும் கடதாசி இல்லை, உங்கள் வீட்டுத் திறப்பு, என்னவென்று தெரியாமல் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள், உன் முன்னாலேயே எரித்துவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவளுக்குப் பாதி விளங்கவில்லை. சந்திரனுக்குச் சாப்பாட்டு நேரம் வரும்வரை இருந்து, வட்ஸ்அப்பில் எடுத்தோம். லொறிக்குள் இருந்தபடி கேட்டான். சுவரில் தமிழில் மாட்டியிருக்கிறது என்றதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பரவாயில்லை, தமிழிலிருந்து திருப்பினால் அது திறக்காது, தான் எழுதிய அதே ஆங்கிலச் சொல் அதே வரிசையில் வேண்டும் என்றான். அப்போது நான் நெருப்புக் குச்சியை உரசிவிட்டேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். "நான் எழுதி அனுப்புன தாள் எங்க?" என்று அவன் பாக்கியத்தைக் கேட்டான்.

அவள் மெத்தையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சீல் வைத்த தமிழ்த் தாள்தானே செல்லும் என்று அதை லமினேட் செய்து மேலே மாட்டியதையும், கையால் எழுதிய தாளை மெத்தைக்குக் கீழே வைத்ததையும், தண்ணீர் வந்தபோது அது மாவாகக் கரைந்துபோனதையும் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சந்திரன் கத்தினான். "மிஸ்! கொளுத்தாதீங்க! மிஸ், அத அணைங்க!" அவனுடைய பழைய போன், அந்தப் பணப்பையோடு, போன மாதம் வேலைத் தளத்தில் நசுங்கிவிட்டதாம். வீட்டில் தாள் இருக்கிறதுதானே என்று நிம்மதியாக இருந்திருக்கிறான். படம் எடுத்து வைக்கக்கூடாது, வேறெங்கும் எழுதக்கூடாது என்று யாரோ சொன்னதை அப்படியே கேட்டு நடந்தவன். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு பிரதி, எரிகிற குச்சிக்கு அரை அடி தூரத்தில் என் இடது கையில் இருந்தது. நான் குச்சியை ஊதியது நினைவில்லை. விரல் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பாக்கியம் அழ, நானும் அழுதேன். சந்திரன் லொறிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். போனில் வாசிக்கவா என்றேன். வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம், அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம், லீவு கிடைக்க இன்னும் நாலு மாதம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் உங்களிடமே இருக்கட்டும் என்றான். நாலு மாதம்! நான் அந்தத் தாளைப் பாக்கியத்தின் கையில் திணிக்கப் பார்த்தேன், உன் வீட்டுக் காசு, நீயே வை என்று கெஞ்சினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னுக்குப் போனாள். "என்கிட்ட குடுத்துறாதீங்க மிஸ், முக்கியமான பேப்பர்னா எனக்கு யாருக்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டாம இருக்க முடியாது."

ஆக, டுபாயில் உரிமமும் கனடாவில் பதிவும் லண்டனில் சட்டத்தரணியும் இந்தியாவில் முப்பது வீதமும் வேண்டியிருக்கிற ஒரு காரியத்துக்கு, கொழும்பில் நித்திரை வராத மனுஷி ஒருத்தி இருந்தால் போதுமாம்.